இந்த 'கே' எந்த 'கே', சேர்? குறியீட்டு எழுத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பக்கம், உப்புவெளியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கணக்கைவிட அதிகமாக அவர்கள் கேட்பது எழுத்துகளைப் பற்றித்தான். "சேர், நேற்று கெமிஸ்ட்ரி மிஸ் இதே எழுத்தை வேறொன்றுக்குப் போட்டா" என்று தொடங்குவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆங்கில, கிரேக்க எழுத்துகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தேவைப்படும் இடத்தில் 'பெரிய கே', 'சிறிய கே' என்று வரும். 'பி' மட்டும் கொஞ்சம் சிக்கல். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும். சந்தர்ப்பத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம்தான் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் தேவை.

ஒரே எழுத்தை ஏன் இத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்? எழுத்துக்கா பஞ்சம்?

பஞ்சம்தான். ஆங்கிலத்தில் 26, கிரேக்கத்தில் 24. பெரியது, சிறியது என்று இரட்டித்தால் சரியாக 100. அதிலும் கிரேக்கத்தின் பெரிய அல்பா, பீற்றா, எப்சிலன் போன்றவை ஆங்கில எழுத்துகளை அச்சொட்டாக ஒத்திருப்பதால் குறியீடாக உதவாது. மிஞ்சுவதை வைத்துக்கொண்டு பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல், பொருளியல், மருத்துவம் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாயுக்களை ஆராய்ந்தவர் வில்லை ஆராய்ந்தவரிடம் அனுமதி கேட்டு எழுத்து எடுக்கவில்லை. பெரும்பாலும் அவரவர் தங்கள் மொழிச் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஜெர்மன்காரர், இன்னொருவர் இலத்தீனில் எழுதியவர்.

பாலையூற்றில் ஒரு ராஜா அண்ணா, உவர்மலையில் ஒரு ராஜா அண்ணா இருப்பதுபோலத்தான். அவரவர் தெருவில் இருக்கும்வரை ஒரு குழப்பமும் இல்லை. இருவரும் ஒரே கலியாண வீட்டுக்கு வந்தால்தான் "எந்த ராஜா?" என்று கேட்க வேண்டி வரும்.

'கே' என்றால் என்ன?

எங்கே நின்று கேட்கிறீர்கள்? இயந்திரவியலில் சிறிய கே வில்லின் மாறிலி. வெப்பத்தில் அது போல்ட்ஸ்மான் மாறிலி. வெப்பக் கடத்தலுக்குப் போனால் கடத்துதிறன். அலைகளில் அலை எண். இரசாயனத்தில் தாக்கத்தின் வீத மாறிலி. அலகுக்கு முன்னால் ஒட்டி நின்றால் கிலோ, அதாவது ஆயிரம்.

பெரிய கே இன்னொரு குடும்பம். கெல்வின், பொற்றாசியம், சமநிலை மாறிலி எல்லாம் அதில் அடக்கம். பொருளியலில் அது மூலதனம், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் மூலதனத்துக்கான சொல் கே-யில் தொடங்குகிறது. விற்றமின் கே-யின் கதையும் அப்படித்தான். இரத்தம் உறைவதற்கு அது தேவை என்று கண்ட டென்மார்க் அறிஞர் ஹென்ரிக் டாம், 'உறைதல்' என்ற சொல்லின் முதலெழுத்தைப் பெயராக வைத்தார். அவருடைய மொழியில் அந்தச் சொல் கே-யில் தொடங்கும்.

இங்கே மூதூர்ப் பையன் ஒருவனின் விடைத்தாளைச் சொல்லியே ஆகவேண்டும். வில்லில் அரைக் கிலோ திணிவைத் தொங்கவிட்டால் நீட்சி என்ன என்பது கேள்வி. வில்லின் மாறிலி கேள்வியிலேயே இருந்தது. பையன் அதைக் கவனிக்காமல், தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த மாறிலிகளில் சிறிய கே-யைக் கண்டு அதைப் போட்டுவிட்டான். அது போல்ட்ஸ்மானின் 1.38 × 10⁻²³. விசை 4.9 நியூற்றன். விடை 3.55 × 10²³ மீற்றர் என்று வந்திருக்கிறது. இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டும் வைத்திருந்தான்.

அதை ஒளியாண்டுக்கு மாற்றிப் பார்த்தோம். ஏறக்குறைய 3 கோடியே 75 இலட்சம் ஒளியாண்டுகள். அந்திரொமீடா விண்மீன் கூட்டம் கிட்டத்தட்ட 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. எங்கள் வகுப்பு மேசையில் கொளுவிய வில் அதையும் தாண்டித் தொங்குகிறது. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

அப்படியானால் எந்த 'கே' என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலகைக் கேளுங்கள். வில்லின் மாறிலிக்கு மீற்றருக்கு இத்தனை நியூற்றன். போல்ட்ஸ்மான் மாறிலிக்குக் கெல்வினுக்கு இத்தனை யூல். எழுத்து ஒன்றாக இருக்கலாம், அலகு காட்டிக்கொடுத்துவிடும். சமன்பாட்டின் இரு பக்கமும் அலகு ஒத்து வராவிட்டால் வேறொருவருடைய எழுத்தைப் பிடித்து வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூதூர்ப் பையன் ஒரே ஒரு வரி அலகு எழுதியிருந்தால் அந்திரொமீடாவுக்குப் போயிருக்க மாட்டான்.

ஒரே கணக்குக்குள்ளேயே ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால்?

கலியாண வீட்டுக்கு இரண்டு ராஜாவும் வந்துவிட்டார்கள். இது அடிக்கடி நடக்கும். செப்புக் கம்பி ஒன்றின் திணிவையும் தடையையும் தந்து நீளத்தைக் கேட்பார்கள். திணிவுக்கு அடர்த்தி வேண்டும், அது ரோ. தடைக்குத் தடைத்திறன் வேண்டும், அதுவும் ரோ. இரண்டையும் ஒரே வடிவில் எழுதிவிட்டு, நாலாவது வரியில் மேலும் கீழும் வெட்டித் தள்ளிய பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடர்த்திக்கு 'டி' என்று வைத்துக்கொண்டால் முடிந்தது.

கூம்பு ஊசலிலும் இதே கதை. நூலின் இழுவை பெரிய ரி, ஆவர்த்தன காலமும் பெரிய ரி. ஒன்றின் காலடியில் சின்னதாக ஒரு 1 அல்லது 0 போடுங்கள். கீழ்க்குறி என்பது அழகுக்குப் போடுவதல்ல. "பாலையூற்று ராஜா" என்று ஊரையும் சேர்த்துச் சொல்வதுதான் அது.

'எம்' திணிவா, மீற்றரா, மில்லியா?

மூன்றும். அச்சுப் புத்தகத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கணியத்தின் குறியீடு சாய்ந்திருக்கும், அலகின் குறியீடு நிமிர்ந்திருக்கும். சாய்ந்த எம் திணிவு, நிமிர்ந்த எம் மீற்றர். உங்கள் பௌதிகப் புத்தகத்தை எடுத்துக் கூர்ந்து பாருங்கள், இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று படும். நிமிர்ந்த இரண்டு எம் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மில்லி, இரண்டாவது மீற்றர்.

கரும்பலகையில் என் கையெழுத்து எல்லாப் பக்கமும் சாயும். அங்கே இந்த ஒழுங்கு செல்லாது. அதனால் அலகை அடைப்புக்குள் போடச் சொல்கிறேன்.

பெரிய எம் போட்டால் மெகா. மில்லிக்கும் மெகாவுக்கும் இடையில் 100 கோடி மடங்கு. "சேர், பெரிசா விழுந்திட்டுது" என்று சொல்லித் தப்ப முடியாது. இரசாயனத்தில் அதே பெரிய எம் ஒரு லீற்றரில் எத்தனை மூல் என்பதைக் குறிக்கும்.

அலகுகளில் எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து?

ஆளின் பெயரில் வந்த அலகுக்குப் பெரிய எழுத்து: நியூற்றன், யூல், கெல்வின், வாற்று. மற்றவை சிறியது. லீற்றர் மட்டும் விதிவிலக்கு. சிறிய எல் பார்ப்பதற்கு 1 போலவே இருப்பதால், 1979 இல் கூடிய நிறை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடு பெரிய எல்-ஐயும் அனுமதித்தது. லீற்றர் என்று ஓர் ஆள் இருந்ததில்லை.

கணிதத்தில் 'ஐ' கற்பனை எண். அக்கா பொறியியல் படிக்கிறா, அவ 'ஜே' என்கிறா. யார் சரி?

இருவரும் சரி. மறை ஒன்றின் வர்க்கமூலத்துக்கு ஐ என்று வைத்தவர் ஒயிலர், 1777 இல். காவுஸ் எடுத்துப் பயன்படுத்தியதும் அது ஊன்றிவிட்டது. மின்னோட்டத்துக்கும் ஐ வந்தது வேறு வழியால். பிரெஞ்சுக்காரரான அம்பியர் அதை ஓட்டத்தின் 'செறிவு' என்ற பொருளில் எழுதினார். அந்தப் பிரெஞ்சுச் சொல் ஐ-யில் தொடங்குகிறது.

ஆடலோட்டச் சுற்றுகளைக் கணிக்கச் சிக்கலெண்கள் வேண்டும். அங்கே ஓட்டமும் ஐ, கற்பனை எண்ணும் ஐ என்றால் மின் பொறியியலாளர் பாவம். அவர்கள் ஓட்டத்தை வைத்துக்கொண்டு கற்பனையை அடுத்த எழுத்தான ஜே-க்குத் தள்ளிவிட்டார்கள். பைதான் கணினி மொழியும் கற்பனை எண்ணுக்கு ஜே-யைத்தான் எடுத்திருக்கிறது.

இணைந்த கணிதக்காரருக்கு இன்னொரு தலையிடி. ஐ, ஜே, கே மூன்றும் அங்கே மூன்று திசைகளைக் காட்டும் அலகுக் காவிகள்.

பை என்றால் 3.14 தானே?

வட்டத்துக்கு மட்டும். அந்த விகிதத்துக்குப் பை என்ற எழுத்தை 1706 இல் வேல்ஸ்காரரான வில்லியம் ஜோன்ஸ் போட்டார். ஒயிலர் கையாண்ட பிறகுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இரசாயனத்தில் பை என்பது ஒருவகைப் பிணைப்பு, சிக்மாப் பிணைப்பின் சோடி. எண் கோட்பாட்டில் ஓர் எண் வரையில் எத்தனை முதன்மை எண்கள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும் சார்புக்கும் பை என்றுதான் பெயர். 10 வரையில் 2, 3, 5, 7 என நான்கு முதன்மை எண்கள் உள்ளதால், பத்தின் பை 4.

பொருளியலில் பை இலாபம். வணிகப் பிரிவில் படிக்கும் என் மருமகளிடம் "பை எவ்வளவு?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "விற்பனையைச் சொல்லுங்கோ மாமா, செலவைச் சொல்லுங்கோ, கழிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

கல்குலேற்றரில் விடைக்கு நடுவில் 'ஈ' வருகிறது. அது 2.718 தானே?

இல்லை. அங்கே ஈ என்றால் "பத்தின் அடுக்கு". '3 ஈ 8' என்று காட்டினால் 3 × 10⁸, அவ்வளவுதான். 2.718 இயற்கை மடக்கையின் அடி. சிறிய ஈ இலத்திரனின் ஏற்றமுமாகும், 1.602 × 10⁻¹⁹ கூலோம். மோதல் கணக்கில் அதுவே மீளமைவுக் குணகம். வரைபடத்தில் திருகோணமலையின் நெடுங்கோட்டைப் பார்த்தால் 81.2 பாகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஈ நிற்கும். அது கிழக்கு. ஒரு பிள்ளை அதை 81.2-க்குப் பின்னால் அடுக்கு விடுபட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கேட்டாள். நல்ல கேள்வி, எனக்குப் பிடித்திருந்தது.

ஒளியின் வேகத்துக்குச் 'சி' என்று வைத்தவர் ஐன்ஸ்டீனா?

அல்ல. 1905 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெரிய வீ என்றுதான் எழுதினார். சி-க்குப் பின்னர்தான் மாறினார்.

பொற்றாசியத்துக்குக் 'கே', சோடியத்துக்கு 'என்-ஏ'. பெயருக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையே?

ஆங்கிலப் பெயரோடு சம்பந்தம் இல்லை. இலத்தீன் பெயரோடு உண்டு. கலியம், நாத்திரியம். மூலகங்களுக்கு ஓரிரு எழுத்துக் குறியீடு வைக்கும் முறையைச் சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சேலியஸ் 1813-14 அளவில் கொண்டுவந்தார். எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இலத்தீனை அடிப்படையாக்கினார். இரும்பு, ஈயம், வெள்ளி, தங்கம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தங்குதனின் டபிள்யூ மட்டும் 'வொல்ப்ரம்' என்ற ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது.

இரசாயனத்தில் பெரிய, சிறிய எழுத்தை மாற்றினால் பொருளே மாறிவிடும். பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபாற்று, ஓர் உலோகம். இரண்டும் பெரியது என்றால் காபனோரொட்சைட்டு, மூடிய அறையில் ஆளைக் கொல்லும் வாயு.

உயிரியலில் ஏ, சி, ஜி, ரி மனப்பாடம். இப்போது அமினோ அமிலத்துக்கும் அதே எழுத்துகளா?

ஆமாம், இது கொஞ்சம் அநியாயம்தான். பரம்பரையலகின் எழுத்துகளில் ஏ அடினின், சி சைற்றோசின், ஜி குவானின், ரி தைமின். புரதத்தின் எழுத்துகளில் ஏ அலனின், சி சிஸ்ரீன், ஜி கிளைசின், ரி திரியோனின். அதனால் அந்த நான்கு எழுத்துகளால் மட்டும் எழுதிய ஒரு துண்டைத் தனியாகக் கொடுத்தால், அது பரம்பரையலகா புரதமா என்று எழுத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மேலே தலைப்பு வேண்டும். இருபது அமினோ அமிலங்களுக்கும் ஒற்றை எழுத்து வைக்கும்போது முதலெழுத்து போதாமல் போய்விட்டது. அதனால் இலைசினுக்குக் கே, திரிப்தோபனுக்கு டபிள்யூ என்று மிச்சமிருந்தவற்றைக் கொடுத்தார்கள். பொற்றாசியமும் தங்குதனும் கோபித்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே? வாழ்க்கையில் என்ன வரப்போகிறது?

என் அம்மம்மாவின் மருந்துப் பெட்டியைச் சொல்கிறேன். அவவுக்குப் பிரஷர். மாதாமாதம் கிளினிக் கொப்பியில் 'பி.பி.' என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு எண்களைப் போட்டுக் கொடுப்பார்கள். ஆங்கிலம் தெரியாதவ, ஆனால் அந்த இரண்டு எழுத்தின் வடிவம் அவவுக்குப் பாடம். ஒருநாள் பார்த்தால் பிரஷர்க் குளிசைகளோடு பரசிற்றமோல் அட்டை ஒன்றும் சேர்ந்து கிடந்தது. "இது தலையிடிக் குளிசை அம்மம்மா" என்றேன். அட்டையைத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினா. "இஞ்ச பார், இதிலயும் பி.பி. எண்டுதானே கிடக்கு."

உண்மைதான், கிடந்தது. மருந்தின் பெயருக்கும் 500 மில்லிகிராமுக்கும் இடையில் அதே இரண்டு எழுத்து. ஆனால் அந்தப் பி.பி. இரத்த அழுத்தம் அல்ல. பிரித்தானிய மருந்து நியமநூல் என்று ஒன்று 1864 இலிருந்து வெளிவருகிறது. அதில் சொன்ன தரத்தில் இந்த மருந்து செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அம்மம்மா எழுத்தைச் சரியாகத்தான் வாசித்தா. எழுத்து இருந்த இடம்தான் வேறு. இரசாயன ஆய்வுகூடத்தில் அதே இரண்டு எழுத்து கொதிநிலை.

வைத்தியர்களே தடுக்கி விழுந்த இடங்களும் உண்டு. இன்சுலின் அலகுக்கு எண்ணின் பின்னால் 'யூ' என்று எழுதுவது வழக்கம். அவசரக் கையெழுத்தில் அந்த யூ பூச்சியமாகத் தெரியும். 10 அலகு 100 ஆகிவிடும். அலகுக்கு முன்னால் வரும் கிரேக்க மியூ பத்து இலட்சத்தில் ஒன்று. மியூ போட்ட மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று வாசித்தால் மருந்து ஆயிரம் மடங்கு. எம்-எஸ் என்று சுருக்கினால் மோர்பின் சல்பேற்றாகவும் இருக்கலாம், மக்னீசியம் சல்பேற்றாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் அமைப்பு 2004 இல் "எழுதக் கூடாதவை" என்று ஒரு பட்டியலே போட்டது. யூ-வும் எம்-எஸ்-உம் அதில் உள்ளன. சுருக்காமல் முழுச் சொல்லையும் எழுது என்பதுதான் கட்டளை.

அந்த மியூ பௌதிகத்தில் உராய்வுக் குணகம், புள்ளிவிபரவியலில் இடை. அங்கே பிழைத்தால் புள்ளிதான் போகும்.

திருகோணமலையில் வகுப்பறைக்கு வெளியே இப்படி எழுத்து மாறுவதைப் பார்க்க முடியுமா?

துறைமுகப் பக்கம் போங்கள். கப்பல்களில் கட்டும் சமிக்ஞைக் கொடிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து. தனியாக ஏற்றினால் அந்த எழுத்துக்கு ஒரு முழு வசனம் பொருள். துறைமுகத்தில் வேலை செய்த என் மாமா சின்ன வயதில் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். முழு மஞ்சள் கொடி 'கியூ'. "என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்" என்று அர்த்தம். மஞ்சளும் நீலமும் நெடுக்குக் கோடுகளாக மாறி மாறி வருவது 'ஜி': "எனக்கு வழிகாட்டி மாலுமி தேவை." பாதி வெள்ளை, பாதி சிவப்பு 'எச்': "வழிகாட்டி ஏறிவிட்டார்."

எனக்கு வியப்பாக இருந்தது நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட 'பி' கொடி. துறைமுகத்துக்குள் அதை ஏற்றினால், "கப்பல் புறப்படப் போகிறது, எல்லாரும் ஏறுங்கள்." அதே கொடியை வெளிக்கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல் ஏற்றினால், "என் வலை எதிலோ சிக்கிக்கொண்டது." துணி அதேதான், நிறமும் அதேதான். குடாவைத் தாண்டியதும் அர்த்தம் மாறிவிட்டது. 'ஜி'-யும் அப்படியே. மீன்பிடிக் களத்தில் அடுத்தடுத்து நிற்கும் படகுகளிடையே அது "வலை இழுக்கிறேன்" என்றாகிவிடும். மாமா சொல்வார்: "கொடியைப் பார்க்க முன்னம் கப்பல் எங்க நிக்குது எண்டு பார்."

கடல்வரைபடத்திலும் ஆழத்தைக் குறிக்கும் எண்களுக்குப் பக்கத்தில் எழுத்துகள் உண்டு. பெரிய எஸ் மணல், எம் சேறு, ஆர் பாறை. நங்கூரம் பிடிக்குமா என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். எஸ் என்றால் கந்தகம் என்று நினைத்து யாரும் நங்கூரம் போடுவதில்லை.

தெரியாததற்கு ஏன் எப்போதும் 'எக்ஸ்'?

தெக்காட்டு 1637 இல் வெளியிட்ட கேத்திர கணித நூலில், தெரிந்தவற்றுக்கு ஆங்கில வரிசையின் முதல் எழுத்துகளையும் தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் எடுத்தார். அதற்கு முன்னர், 1591 இல், வியேத் என்பவர் தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது வசதியாக இருந்திருக்கும். என்ன செய்வது, தோற்றுவிட்டது. 1895 இல் ரொஞ்சன் என்ன கதிர் என்று தெரியாமல் எக்ஸ் கதிர் என்றார். தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. பொருளியல் பிள்ளைக்கு எக்ஸ் தெரியாததே அல்ல, அது ஏற்றுமதி.

'ஏ.ஐ.' போன்ற சுருக்கங்களும் இதே கதைதானா?

அதே கதை. தம்பலகாமத்தில் பால்மாடு வளர்ப்பவரிடம் ஏ.ஐ. என்றால் செயற்கைமுறைச் சினைப்படுத்தல். கணினி படிக்கும் அவர் மகனிடம் செயற்கை நுண்ணறிவு. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஏ.ஐ.க்கு எவ்வளவு செலவாகும் என்று பேசினால் கேட்க ஆசையாக இருக்கிறது.

தமிழ் எழுத்துகளுக்கு இந்தக் குழப்பம் இல்லைத்தானே?

யார் சொன்னது? பழைய தமிழ் எண்களில் க என்றால் 1, உ என்றால் 2, அ என்றால் 8. வ என்றால் கால். அதை வைத்துத்தான் "எட்டேகால் லட்சணம்" என்று ஒருவரைத் திட்டும் வழக்கமே வந்தது. எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தலையில் உ போட்டால் அது இரண்டல்ல, பிள்ளையார் சுழி. பள்ளிக் கொப்பியில் 'உ+ம்' என்றால் உதாரணம்.

ஆய்த எழுத்து தமிழ்ப் பாடத்தில் ஃ. அடுத்த பாடவேளையில் கணித ஆசிரியர் அதே மூன்று புள்ளியைப் போட்டு "ஆகவே" என்று வாசிப்பார். ஆறாம் வகுப்பில் நான் அதை "அக்கு, முக்கோணம்..." என்று சத்தமாக வாசித்து அடி வாங்கப் பார்த்தேன்.

பாடசாலைப் பெயருக்கு முன்னால் 'தி/' என்றால் திருகோணமலை. அதே 'தி' ஓர் ஆண்டின் எண்ணுக்கு முன்னால் வந்தால் திருவள்ளுவர். ப.நோ.கூ.ச. என்று பலகையில் பார்த்தால் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற கதை வரும்.

புத்தகத்தில் இல்லாத எழுத்தை நானாக வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். நம் கணிதத் தமிழில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: 'என்க'. "நூலின் இழுவை ரி என்க. ஆவர்த்தன காலம் பெரிய பி என்க." அந்த வரி இருந்தால் நான் புள்ளி குறைப்பதில்லை. அந்த வரி இல்லாமல் சமன்பாடு மட்டும் இருந்தால், எழுதியவருக்குத்தான் தெரியும். பரீட்சை மண்டபத்தை விட்டு வந்து பத்து நிமிடத்தில் அவருக்கும் தெரியாது. தன் குறியீடு என்னவென்று சொல்லாமல் எழுதும் நூலாசிரியர்கள் மீதும் எனக்கு இதே கோபம் உண்டு. புரியவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எல்லாரும் கூடி ஒரு எழுத்துக்கு ஒரு அர்த்தம் என்று முடிவு செய்தால் என்ன?

அலகுகளுக்கு ஓரளவு செய்திருக்கிறார்கள். கணியங்களுக்கும் சர்வதேசப் பரிந்துரைகள் உள்ளன. ஆனால் அந்தப் பட்டியல்களிலேயே ஒரே எழுத்து பல கணியங்களுக்கு வரும். நூறு எழுத்தை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

இங்கே இல்லாத எழுத்து ஒன்றில் சந்தேகம் வந்தால்?

எழுத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் முழுவதையும் படம் பிடித்து அனுப்புங்கள். போன மாதம் வகுப்பு நாலு மணிக்கு என்று குழுவில் போட்டேன். ஒரு பிள்ளையிடமிருந்து ஒற்றைப் பெரிய 'கே' மட்டும் வந்தது. கெல்வினா, சமநிலை மாறிலியா, எந்தப் பாடத்தில் பார்த்தாய் என்று கேட்டு, இரண்டுக்கும் விளக்கம் எழுதி, அலகும் போட்டு அனுப்பினேன். அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது: "இல்ல சேர், 'சரி' எண்டு சொன்னனான்."